கொடிமரம் இல்லாத கோயில்கள்

ஊட்டியில் மத நல்லிணக்கம் என்று யார் பேனர் அடித்தாலும் அதில் மூன்று சின்னம் இருக்கும். ஓம், சிலுவை, பிறை. குறை சொல்லவில்லை. இந்த ஊரில் அது வெறும் பேனரோடு நிற்கிற சமாச்சாரமும் இல்லை. மே மாதம் காந்தல் குருசடித் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிற கூட்டத்தில் நெற்றியில் விபூதியோடு நிற்பவர்கள் இருப்பார்கள். மாரியம்மன் தேர் பார்க்க நிற்கிறவர்களிடம் நீ என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை.

(திப்பு சுல்தான் மாளிகையின் மரத்தில்தான் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்திரங்கள் செய்தார்கள் என்பதையும் நல்லிணக்கக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அது போரில் தோற்றவன் வீட்டிலிருந்து பிடுங்கி வந்த மரம் சாமி. அதை விட்டுவிடலாம்.)

என் சங்கடம் வேறு. அந்த மூன்று சின்னமும் கீழேயிருந்து மலையேறி வந்தவை. அதற்கு முன்னாலேயே இங்கே இருந்த சாமிகளுக்குப் பேனரில் இடமே இல்லை. முருகன் குறிஞ்சிக் கடவுளாச்சே என்று ஆரம்பிக்க வேண்டாம், நான் சொல்வது நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் சாமிகளை. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் அவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்தான்.

தோடர்கள் குடியிருக்கும் மந்து (அவர்களின் சிற்றூர்) ஒன்றில் நாம் "குடிசை" என்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோமே, அதில் ஒன்று பெரும்பாலும் கோயிலாக இருக்கும். எருமைப் பாலைக் கடைகிற இடம்தான் கோயில், அந்த வேலையைப் பார்ப்பவர்தான் பூசாரி. வாசல் எவ்வளவு தாழ்வு என்றால் தவழ்ந்துதான் போக வேண்டும். பெண்கள் உள்ளே போகக் கூடாது. அந்த விதி எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் அந்த வீட்டுப் பெண்கள், நான் இல்லை. மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்வார்கள். ஊட்டி பக்கம் முத்தநாடு மந்தில் இருப்பது கூம்பு வடிவம், தூரத்திலிருந்தே தெரியும்.

அந்தப் புல்லைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கண்ட புல்லையும் போட்டு வேய்ந்துவிட முடியாது. மலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கிற சதுப்பில் வளர்கிற புல் வேண்டும். அந்தச் சதுப்பை நாம் வடித்துக் காய்கறி போட்டோம், கட்டடம் கட்டினோம். சுற்றியிருந்த புல்வெளியில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் நட்டு, அதைக் காடு என்று வேறு பெயர் வைத்தாகிவிட்டது. கூரை மாற்றும் வருடத்தில் புல்லுக்காகத் தோடர்கள் தூரம் தூரமாக அலைகிறார்கள். கோயிலை இடித்தால்தான் நமக்குப் புரியும். கூரைக்குப் புல் கிடைக்காமல் செய்தால் செய்தியில்கூட வராது.

அடுத்தது பைக்காரா. நமக்கு அது படகு இல்லம், நீர்வீழ்ச்சி, சோளம். தோடர்களுக்கு அந்த ஆறு ஒரு தெய்வம். அவலாஞ்சி ஆறும் அப்படித்தான். கடக்கும்போது, போர்த்தியிருக்கும் பூத்துக்குளி என்கிற சால்வைக்குள் இருக்கும் வலது கையை வெளியே எடுத்து மரியாதை செய்துவிட்டுப் போவது அவர்களின் பழைய வழக்கம். இறந்தவர்களின் உலகம் மேற்கே இருக்கிறது, முக்குருத்தி சிகரம் பக்கமாகத்தான் போக வேண்டும் என்பது நம்பிக்கை. இதற்கெல்லாம் மதிலும் இல்லை, உண்டியலும் இல்லை, செயல் அலுவலரும் இல்லை. 1932லேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தாயிற்று. ஒரு வழிபாட்டுத் தலம் 1947 ஆகஸ்ட் 15 அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்கிற 1991 சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் இந்த ஆறு தேறாது.

பழனியை எடுத்துக்கொள்ளுங்கள். கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதவர்கள் போகக் கூடாது, பலகை வையுங்கள் என்று 2024 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. கோயில் ஒன்றும் பிக்னிக் இடம் இல்லை என்றும் சொன்னது. அந்தத் தடை சரியா என்பது தனிச் சண்டை, எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் கொடிமரம் என்று ஒன்று இருந்தால் எது எல்லை என்று நீதிமன்றத்துக்கே தெரிகிறது பாருங்கள். கொடிமரம் இல்லாத ஆறு என்ன செய்யும்? அது நிஜமாகவே பிக்னிக் இடமாகிவிட்டது.

பைக்காராவை மூடு, கரண்டை நிறுத்து என்று சொல்ல வரவில்லை. என் வீட்டிலும் ஹீட்டர் ஓடுகிறது. படகு இல்லத்தை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. தோடர்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு, இந்துக் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, எல்லாருக்கும் ஒரே கருத்து இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். புதிதாக ஒரு காட்சி முனை, ஜிப்லைன், ரிசார்ட் சாலை என்று திட்டம் போடும்போது, அந்த இடம் யாருக்காவது சாமியா என்று முதலில் அந்த மந்தில் போய்க் கேளுங்கள். மாரியம்மன் கோயில் மதிலை ஒட்டிப் பள்ளம் தோண்ட வேண்டுமென்றால் கேட்காமல் தோண்டுவீர்களா?

கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பார்கள். சொல்லட்டுமே. ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்க வந்தபோது, அந்த மலையே எங்கள் சாமி என்றார்கள் டோங்கிரியா கோந்த் மக்கள். 2006 வன உரிமைச் சட்டத்தை வைத்து, கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. 12 கிராம சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றது. அடுத்த வருடமே மத்திய அரசும் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. அதே சட்டம் நீலகிரிக்கும் பொருந்தும்.