நான் தராவிட்டால் எந்தப் பக்கம் காலியாக நிற்கும்?

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது சிறுகதை எழுதுகிறாள். போன வாரம் போன் செய்தாள். ஒரு வார இதழிலிருந்து தீபாவளி மலருக்குக் கதை கேட்டிருக்கிறார்களாம், பன்னிரண்டு நாள் அவகாசம். "தேதி வைத்துக் கேட்டால் எனக்குக் கதை வராது டீச்சர். வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்" என்றாள். சொல்லாதே என்றேன். ஏன் என்று விளக்குவதற்குள் வகுப்பு மணி அடித்துவிட்டது. அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அவளைப் போலத் தயங்கி நிற்கும் வேறு சிலருக்கும் இது உதவலாம்.

அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டும் தீபாவளி மலருக்கான கதையும் ஒரே வாரத்தில் என் மேசைக்கு வரும். பல ஆண்டுகளாக இப்படித்தான். விடைத்தாளுக்குத் தலைமையாசிரியர் தேதி வைப்பார், கதைக்கு இதழாசிரியர். முதல் சில ஆண்டுகள் இரண்டாவது தேதியை நினைத்தாலே வயிற்றைப் பிசையும். கெடு என்ற சொல்லே கடன்காரன் வாசலில் வந்து நிற்பதைப் போலத்தான் காதில் விழுந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஓர் ஓவியர். அரவை மில் ஒன்றைத் தனியாக நடத்தும் வயதான பெண்ணைப் பற்றி ஒரு கதை தொடங்கியிருந்தேன். இரண்டு பத்திக்கு மேல் நகரவில்லை. கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது மலருக்குப் படம் வரைபவர் அழைத்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் காதில் வாங்கவே இல்லை. "கதை முழுவதும் இப்போது வேண்டாம் அம்மா. எனக்கு ஒரு படம் போட வேண்டும். அந்த அம்மாள் என்ன புடவை கட்டியிருப்பார்? மூக்குத்தி ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? மில்லுக்குள் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது?"

புடவை என்ன நிறமாக இருந்தாலும் மாவு படிந்து வெளுத்துத்தான் தெரியும் என்றேன். கூரையில் ஓர் ஓடு உடைந்திருக்கிறது, அந்த வழியாக வரும் வெயில் ஓடும் பெல்ட்டின் மேல் விழுகிறது என்றேன். மூக்குத்தி வலது பக்கம் மட்டும்தான், இடது பக்கம் வெறும் துளை இருக்கிறது என்றேன். "ஏன் வெறும் துளை?" என்றார் அவர். எனக்கு அந்த நொடி வரை அப்படி ஒரு துளை இருப்பதே தெரியாது. போனை வைத்தபோது அந்த மூக்குத்தி எந்தக் கடையில் அடகில் இருக்கிறது, யாருக்காக வைத்தாள் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு இரவில் கதை முடிந்தது. மலர் வந்தபோது படத்தைப் பார்த்தேன். கிழவியின் இடது நாசியில் பேனாவால் வைத்த ஒரே ஒரு புள்ளி. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அன்றுதான் கெடு என்பது நாள்காட்டியில் இருக்கும் ஓர் எண் என்ற நினைப்பு போயிற்று. அதற்குப் பின்னால் தூரிகையைக் கழுவிவைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பக்கம் அமைப்பவர், மெய்ப்புப் பார்ப்பவர், அச்சகத்தில் ஃபாரம் ஏற்றுபவர். பல பக்கங்கள் சேர்ந்ததுதான் ஒரு ஃபாரம். என் ஆறு பக்கம் வராவிட்டால், நேரத்தோடு வந்து சேர்ந்த இன்னொருவரின் கவிதையும் அதே ஃபாரத்தில் காத்துக்கிடக்கும். ஆகவே எந்தக் கெடு வந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: நான் தராவிட்டால் எந்தப் பக்கம் காலியாக நிற்கும்? அப்படி ஒரு பக்கம் உண்மையிலேயே இருந்தால் அந்தக் கெடு மதிக்கத்தக்கது. அப்படிப்பட்ட கெடு நம்மை எழுதவும் வைக்கிறது.

நம் தொடர்கதை மரபு முழுவதும் இதன் மேல்தான் நின்றது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுக்கு மேல் வாராவாரம் வந்தது. மணியம் படம் வரைய வேண்டும், அச்சு ஓட வேண்டும், வாசகர் கடைக்கு வந்து நிற்பார். 'மனம் ஒன்றினால்தான் எழுதுவேன்' என்று கல்கி இருந்திருந்தால் அந்த ஐந்து பாகங்கள் ஏது? 1954 டிசம்பர் 5 அன்று அவர் காலமானபோது 'அமரதாரா' முடியாமல் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். அப்பாவை இழந்த துக்கத்தோடு அந்தப் பெண் காகிதத்தின் முன் உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கும். கதை பாதியில் நிற்கக் கூடாது என்ற பொறுப்பை அவர் எவ்வளவு பெரிதாக எண்ணியிருக்க வேண்டும்!

இந்தப் பேச்சு வந்தால் யாராவது ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியை இழுப்பார்கள். நெருக்கடியில்தான் பெரிய எழுத்து பிறக்கும் என்பதற்கு அவர் 'சூதாடி'யை எழுதியதைச் சான்று காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடனில் மூழ்கியிருந்த அவரிடம் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளர் 1865இல் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். 1866 நவம்பர் 1க்குள் புதிய நாவல் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதும் எதையும் பணம் தராமலே வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். நாவல் வராமல் போனால்தான் அந்த மனிதருக்கு லாபம். காலியாக நிற்கும் பக்கம் எதுவும் அங்கே இல்லை, பொறி மட்டுமே இருந்தது. அதே ஆண்டில் 'குற்றமும் தண்டனையும்' வேறொரு மாத இதழில் தொடராக வந்துகொண்டிருந்தது. நண்பர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதித் தருவதாகச் சொன்னார்கள். பிறர் எழுதியதில் என் பெயரைப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

அவரைக் காப்பாற்றியது கெடுவின் அச்சம் என்று நான் நம்பவில்லை. அக்டோபர் 4 முதல் தினமும் சுருக்கெழுத்துப் பென்சிலோடு வந்து உட்கார்ந்த இருபது வயது அன்னாதான் காப்பாற்றினார். இரவில் குறிப்பெடுத்துவைத்து அவர் பகலில் சொல்லச் சொல்ல, அன்னா எழுதிக்கொண்டுபோய் வீட்டில் விரித்தெழுதிக் கொண்டுவருவார். 26 நாளில் நாவல் முடிந்தது. கொடுக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை. காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியதாயிற்று. ஓர் எழுத்தாளனை அந்த நிலைக்குத் தள்ளிய கெடுவைப் புகழ எனக்கு வாய் வராது.

நானும் ஒரு பொய்க் கெடுவில் விழுந்திருக்கிறேன். என் முதல் நாவல் அக்டோபரில் முடிந்தது. ஜனவரியில் பொங்கலையொட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது, அதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்றார் பதிப்பாளர். எனக்கும் ஆசை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது முந்நூறு பக்க மெய்ப்பு வந்தது. மூன்றே நாள் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் அத்தியாயம் தளர்ந்து கிடப்பது எனக்குத் தெரியும், திருப்பி எழுத நினைத்திருந்தேன். விட்டுவிட்டேன். புத்தகம் வந்து ஒரு மாதம் கழித்துப் பெரியவர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருந்தார். 112ஆம் பக்கத்தில் செல்லம் என்று இருக்கும் அக்காள் 187ஆம் பக்கத்தில் செண்பகம் ஆகியிருக்கிறாள், இருவரும் ஒருவர்தானா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். அந்த அட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. நாவல் ஜூன் மாதம் வந்திருந்தால் யாருடைய பக்கமும் காலியாக நின்றிருக்காது. விற்பனைக்கு அந்தப் பத்துப் பதினைந்து நாள் எவ்வளவு முக்கியம் என்பதை அறிவேன், பதிப்பாளர்களின் சிரமமும் புரிகிறது. ஆனால் நான்கு ஆண்டு எழுதியதை மூன்று நாளில் திருத்தச் சொல்வது வாசகருக்கு இழைக்கும் அநியாயம். இனி அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

சரி, உண்மையான கெடுவை எப்படிச் சமாளிப்பது? என் மாணவிக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது அதைத்தான்.

நாளுக்குத் தக்க கதையை எடுக்க வேண்டும். பன்னிரண்டு நாளில் மூன்று தலைமுறைக் கதை எழுத முடியாது. ஒரு மதியத்தில் நடந்து முடியும் கதையை எழுதலாம். பன்னிரண்டில் கடைசி நான்கு நாளை இப்போதே இல்லை என்று வைத்துக்கொள். எட்டாம் நாள் முடித்ததை மூன்று இரவு கண்ணில் படாமல் வைத்துவிடு. நான் விடைத்தாள் கட்டுக்கு அடியில் வைப்பேன். நான்காம் நாள் எடுத்து வாய்விட்டுப் படித்தால், எங்கே பொய் சொல்லியிருக்கிறாய் என்று உன் நாக்கே காட்டிக்கொடுக்கும். இந்த ஆறப்போடுதலைத் திருடிக்கொள்ளும் கெடுதான் கதையைக் கெடுக்கிறது. எழுதும் வேகத்தால் கதை கெடுவதில்லை.

இனி எழுதுவதற்கான நேரத்தைப் பற்றி. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் தபால் துறையில் வேலை பார்த்தவர். விடியற்காலை ஐந்தரைக்கு மேசையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அவரை எழுப்பிக் காபி கொண்டுவந்து தர ஒரு வேலையாள் இருந்தார். நம் வீடுகளில் எழுதும் பெண்கள் எழுந்து, தங்களுக்கும் மற்றவர்களுக்கும் காபி போட்டு, குழந்தைக்கு டிபன் பாக்ஸ் கட்டி, மீதியில் எழுதுகிறார்கள். நாலரை முதல் ஐந்தே முக்கால் வரை எனக்கு அகப்படுகிறது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் யாரும் என்னை எதற்கும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைக்கவே எனக்கு நாற்பது வயதாயிற்று. நீ இப்போதே சொல்லிவிடு.

முடியாது என்று தெரிந்தால் பத்து நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை நான் நான்கு நாள் போனை அணைத்து வைத்திருந்தேன். இதழாசிரியர் திட்டவில்லை. அந்த இடத்தில் வேறொருவரின் பழைய கட்டுரையைப் போட்டுச் சமாளித்தார். அந்த இதழ் வீட்டுக்கு வந்தபோது பிரிக்கக் கை வரவில்லை. எழுத முடியாமல் போனதை மன்னிக்கலாம், காத்திருப்பவரிடம் ஒளிந்துகொண்டதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இதழ் நடத்துபவர்களுக்கும் ஒன்று. எழுத்தாளருக்குத் தேதி குறிக்கிறீர்கள். சன்மானம் எந்தத் தேதியில் வரும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். ஒன்றரை ஆண்டு கழித்து வந்த சன்மானமும் உண்டு, வராமலே போனதும் உண்டு. தொகை சிறியதுதான். ஆனால் எங்கள் வீட்டிலும் நிரப்ப வேண்டிய பக்கங்கள் இருக்கின்றன.

நேற்று இரவு அவள் செய்தி அனுப்பியிருந்தாள். கதைக்கு ஒப்புக்கொண்டுவிட்டாளாம். ஓவியரின் எண்ணை இதழ் அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவர் கேட்ட முதல் கேள்வி, பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அந்தச் சிறுவனின் காலில் செருப்பு இருக்கிறதா என்பது. "யோசித்துச் சொல்கிறேன் என்றேன் டீச்சர்" என்று எழுதியிருக்கிறாள்.