போட்டோ மாதிரி இருந்தால்தான் ஓவியமா?

போன வாரம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் சிறுவர் ஓவியப் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போனேன், கோபம் இன்னும் ஆறவில்லை. குவீன் தெரு மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பத்து வயதுப் பெண் ஒருத்தி வெயிலில் உருகுவதுபோல வரைந்திருந்தாள், நிழலெல்லாம் ஊதா, சிலைகளுக்கு முகமே இல்லை, ஆனால் உச்சி வெயிலில் அங்கே நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு உண்மை என்று. கூட இருந்த நடுவர் "நீட்டாக இல்லையே" என்று ஒதுக்கிவிட்டார். முதல் பரிசு யாருக்கு? கைப்பேசியைப் பார்த்து அப்படியே இறக்கிய சைக்கிள் பிள்ளைகள் படத்துக்கு. 2012இல் லெபோ ஆர்மேனியன் தெருவில் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் அந்தப் பிள்ளைகளை நிஜ சைக்கிளோடு சேர்த்துச் சுவரில் வரைந்தாரே, அதன் உயிரே அந்தச் சேர்க்கைதான், தாளில் நகலெடுத்தால் என்ன மிச்சம்?

வீட்டுக்கு வந்து என் பழைய நீர்வண்ணப் படங்களைப் பிரித்தேன். இந்த ஊர் ஈரத்தில் தாளெல்லாம் பழுப்புப் புள்ளி, அலிசரின் சிவப்பு வெளுத்துவிட்டது. அது போகட்டும். ஓடு ஓடாக எண்ணி வரைந்த கடைவீடுகள் செத்துக் கிடக்கின்றன, மழை வருமுன் பத்தே நிமிடத்தில் போட்ட சியூ ஜெட்டி, கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் அந்தக் குடியிருப்பு, அது மட்டும்தான் மூச்சு விடுகிறது. அதையும் அன்று ஒருவர் "முடிக்காத படம்" என்றார், நானும் நம்பி, அப்புறம் பல வருடம் அப்படி வரையவே இல்லை.

அந்தப் பெண்ணிடம் ஊதா நிழல் சரிதான் என்று சொன்னேன். பக்கத்தில் அவள் அம்மா, "அடுத்த தடவை ஸ்கேல் வைத்துப் போடு" என்கிறார்.