வீணாகிறதா, வீணாக்குகிறோமா?

சென்னையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதெல்லாம் செய்திகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: "மழைநீர் வீணாகக் கடலில் கலக்கிறது." கோடை வந்தால் இன்னொன்று: "குழாய் உடைந்து குடிநீர் வீணாகிறது." இரண்டையும் படித்துப் பழகிவிட்டதால் யாரும் நின்று யோசிப்பதில்லை. முதல் வாக்கியத்தில் வீணாகாத ஒன்றை வீண் என்கிறோம், இரண்டாவதில் வீணாக்கியவரைக் காணாமல் போகச் செய்கிறோம் என்பது என் உறுதியான கருத்து.

'வீண்' என்றால் பயனற்றது. வீண்பேச்சு, வீண்வம்பு, வீண்செலவு என்று எதனோடு சேர்ந்தாலும் அது ஒரு தீர்ப்பைச் சொல்கிறது. 'ஆகு' சேர்ந்தால் வீணாகு, 'ஆக்கு' சேர்ந்தால் வீணாக்கு. உருகு, உருக்கு என்றும் பெருகு, பெருக்கு என்றும் பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை வேறுபாடுதான் இது. ஒரே ஒரு ககர ஒற்று கூடும்போது வாக்கியத்துக்குள் ஓர் ஆள் வந்து நிற்கிறார். 'சோறு வீணாகிவிட்டது' என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'சோற்றை வீணாக்கிவிட்டார்கள்' என்றால் யார் என்ற கேள்வி எழுகிறது. நம் பேச்சுவழக்கும் இதை விட்டுவிடவில்லை. 'வேஸ்ட்டாப் போச்சு' என்பதும் 'வேஸ்ட் பண்ணிட்டாங்க' என்பதும், ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்ட பிறகும் அதே வேறுபாட்டைக் காப்பாற்றி வருகின்றன.

'வீணடி' என்ற வினையை நான் இவற்றைவிட மதிக்கிறேன். அதற்குத் தன்வினை இணையே கிடையாது. நேரத்தை, பணத்தை, கைக்கு வந்த வாய்ப்பை எவராவது வீணடித்தால்தான் உண்டு. எதுவும் தானாக அப்படிப் போக முடியாது. 'விரயம்' இவ்வளவு கறாரானதன்று. அது 'வியயம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது, அந்தச் சொல்லுக்குச் செலவு என்பதே பொருள். அதனால்தான் சோதிடர்கள் திருமணச் செலவையும் வீடு கட்டும் செலவையும் 'சுப விரயம்' என்று கூசாமல் சொல்கிறார்கள். 'கால விரயம்' என்னும்போது மட்டும் அது பழிச்சொல்லாகிவிடுகிறது.

தன்வினை எங்கு வந்தாலும் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. மின்சாரம் போய், எடுத்துவைத்த மாவு புளித்துப் பொங்கிவிட்டால் 'மாவு வீணாகிவிட்டது' என்பதே சரியான தமிழ். அங்கே தேடிப் பிடிக்க ஆள் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் சரிசெய்யாமல் விடப்பட்ட குழாயிலிருந்து தெருவில் ஓடும் தண்ணீர் அத்தகையதன்று. பழுதுபார்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், புகார் செய்யாமல் தாண்டிப்போகும் நாமும் இருக்கிறோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. அத்தகைய ஊரில் 'குடிநீர் வீணாகிறது' என்று, ஏதோ இயற்கை நிகழ்வைப் போல எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குறைந்தபட்சம் 'வீணாக்கப்படுகிறது' என்றாவது எழுதலாம். செயப்பாட்டுவினையும் ஆளின் பெயரைச் சொல்லாது என்றாலும், ஆள் ஒருவர் உண்டு என்பதையாவது ஒப்புக்கொள்ளும்.

கடலில் கலக்கும் நீரைப் பற்றிய வாக்கியம் எனக்கு இதைவிட அதிக வருத்தம் தருகிறது. பயனற்றது என்று தீர்ப்புச் சொன்னால், யாருக்குப் பயனற்றது என்று கேட்க வேண்டும் அல்லவா? அடையாற்றின் முகத்துவாரத்தில் மணல்மேடு அடைத்துக்கொள்ளும்போது அதை உடைத்துத் திறப்பது மேலிருந்து வரும் வெள்ளமே. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் மீனும் வளர்கின்றன. அந்தக் கலப்பை நம்பிப் பல மீனவக் குடும்பங்கள் பிழைக்கின்றன. கடல்நீர் நிலத்துக்குள் ஏறாமல் தடுப்பதும் நிலத்தின் நன்னீர்தான். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் உப்புநீர் உள்ளே புகுந்துவிட்டது. ஏரிகளைத் தூர்வாரி இன்னும் அதிகமாகத் தேக்க வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். அதற்காக, ஆறு கடலைச் சேர்வதையே வீண் என்று எழுதத் தேவையில்லை.

இப்படித் தவறான இடத்தில் வீழ்ந்த தீர்ப்பு என்ன செய்யும் என்பதற்குப் பள்ளிக்கரணை சாட்சி. மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும் சதுப்புநிலத்தைப் பயனற்ற இடம் என்று எண்ணியதால்தான் பெருங்குடிப் பக்கம் குப்பையைக் கொட்டினோம், மற்ற பக்கங்களில் கட்டடங்களை எழுப்பினோம். அது 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள் அதன் பெரும்பகுதி போய்விட்டது. வீணாகக் கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லியே அதை நாம் வீணாக்கினோம்.

ஆகவே செய்தி எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் மழைக்காலத்தில் 'செம்பரம்பாக்கத்திலிருந்து திறக்கப்பட்ட உபரிநீர் அடையாறு வழியாகக் கடலில் கலக்கிறது' என்று எழுதி நிறுத்துங்கள், 'வீணாக' வேண்டாம். குழாய் உடைந்த செய்தியில், எத்தனை நாளாக உடைந்திருக்கிறது, யாரிடம் புகார் தரப்பட்டது என்ற இரண்டு விவரங்களைச் சேர்த்து, அதன் பிறகு 'வீணாக்குகிறார்கள்' என்று எழுதுங்கள்.