‘பக்’ என்ற பெயர் அந்தப் பூச்சியால் வந்ததா?

‘கணினிக்குள் ஒரு பூச்சி செத்துக் கிடந்தது; அதை வைத்துத்தான் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் கிரேஸ் ஹாப்பர் மென்பொருள் பிழைக்கு பக் (bug, ஆங்கிலத்தில் பூச்சி) என்று பெயர் வைத்தார்’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பாதிதான் சரி.

பூச்சி நிஜம். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில், 70ஆம் எண் ரிலேயில், அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்சில், ஒரு அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, ‘பக் நிஜமாகவே அகப்பட்ட முதல் சம்பவம்’ என்று எழுதி வைத்தார்கள். அந்த ‘நிஜமாகவே’யைக் கவனியுங்கள். சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால்தான் அது நகைச்சுவை! எடிசனே 1878இல் எழுதிய கடிதத்தில் கருவிகளின் சின்னச் சின்னக் கோளாறுகளை பக் என்றுதான் சொல்கிறார். ஹாப்பர் இந்தக் கதையைப் பலமுறை சொன்னவர், அவ்வளவுதான். பூச்சியைப் பிடித்தது அவர் இல்லை. பதிவேடு இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பூச்சியோடு.