சுரங்கத்துக்குள் புகை எந்தப் பக்கம் போகும்?

போன மாதம் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஏறி நானுஓயாவுக்குப் போகும்போது, சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் சில நிமிடங்கள் நின்றுவிட்டது. வழக்கம்போல் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பெட்டி முழுவதும் அமைதியாகிவிட்டது. எதிரே இருந்த பாட்டி முந்தானையால் பேரனின் வாயைப் பொத்தி, "கீழே குனிந்துகொள் ராசா" என்றார்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டியின் அறிவு எங்கிருந்து வந்தது என்று தெரியும். எங்கள் வீட்டு அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. ஈரம் காயாத தேயிலை மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைச் செடிக் குச்சி, எரியும்போது, புகை நேரே ஏறித் தகரக் கூரையில் முட்டும். அங்கேயே படலமாகப் பரவும். ஆறியதும் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அம்மா தரையோடு உட்கார்ந்துதான் ரொட்டி தட்டுவார். நாங்களும் எழுந்து நிற்கமாட்டோம். நின்றால் கண் எரியும், இருமல் வரும்.

சுரங்கத்தில் தீப்பிடித்தாலும் இதுதான் நடக்கிறது, ஆனால் கூரை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். அங்கே ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பல்ல, புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பாதை சரிவாக இருந்தால் சுரங்கமே புகைபோக்கியாகிவிடும். சூடான புகை மேட்டுப் பக்கம் மனிதர்கள் ஓடுவதைவிட வேகமாக ஏறக்கூடும்.

2000 நவம்பர் 11 அன்று ஆஸ்திரியாவின் கப்ரூனில், பனிமலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயில் செங்குத்தான சுரங்கத்துக்குள் தீப்பற்றியது. 155 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய 12 பேரும், தீயணைப்பு அனுபவமுள்ள ஒரு பயணி சொன்னதைக் கேட்டு, எரிந்துகொண்டிருந்த இடத்தைத் தாண்டிக் கீழ்நோக்கி நடந்தவர்கள். மேல்நோக்கி ஓடியவர்களைப் புகை பிடித்துவிட்டது. இதை வாசித்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நானும் மேலேதான் ஓடியிருப்பேன்.

இத்தாலியின் பால்வானோவில் 1944இல் தீ கூட இல்லை. ஏற்றத்தில் இழுக்க முடியாமல் நீராவி ரயில் சுரங்கத்துக்குள் நின்றது. இயந்திரப் புகையிலேயே 500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

நவீன சுரங்கங்களில் பெரிய விசிறிகளால் காற்றை ஒரே திசையில் தள்ளுகிறார்கள். வினாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகம் இருந்தால் புகை எதிர்த்துத் திரும்பாது. காற்று வரும் பக்கம் ஆட்கள் வெளியேறலாம். அதைவிடக் குறைந்தால் புகை கூரையை ஒட்டி எதிர்ப்பக்கமும் ஊர்ந்து வந்துவிடும். விசிறி இருந்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் தள்ளுவது என்ற முடிவும் சரியாக இருக்க வேண்டும். 1995இல் அஜர்பைஜானின் பாகு நகர மெட்ரோ தீயின் நடுவே காற்றோட்டத்தின் திசை மாறி, தப்பிப் போய்க்கொண்டிருந்தவர்கள் பக்கமே புகை திரும்பியது.

கொழும்பு–பதுளை பாதையில் 40க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உண்டு. அவற்றில் மிக நீளமான சிங்கமலையே அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அதில் விசிறி பூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த நீளத்துக்கு அது தேவையும் இல்லை. விசிறி இல்லாத இடத்தில் காற்றின் திசையைப் பார்க்க வேண்டியது நாம்தான். அதைத்தான் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

நான் ஏறிய பெட்டியில் தேடிப் பார்த்தேன். சுரங்கத்தில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று எந்த மொழியிலும் ஒரு வரி இல்லை. தீயணைப்புக் கருவியையும் காணவில்லை. பொங்கல், தீபாவளி நாட்களில் மிதிபலகை வரை ஆட்கள் தொங்கும் பெட்டி அது.

அதிகச் செலவில்லாத வேலைகளை உடனே செய்யலாம். ஓடும் நிலையில் இருந்தால் ரயிலைச் சுரங்கத்துக்கு வெளியே கொண்டுபோய்த்தான் நிறுத்த வேண்டும் என்பதை ஓட்டுநரும் கார்டும் ஒத்திகையாகப் பழக வேண்டும். சுரங்கச் சுவரில் முழங்கால் உயரத்தில், அருகிலுள்ள சுரங்க வாய்க்கு எத்தனை மீட்டர் என்று ஒளிரும் எழுத்தில் எழுத வேண்டும். மேலே எழுதினால் புகை மறைத்துவிடும்.

பெட்டிக்குள் தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும். குனிந்து நடங்கள். முகத்தில் சுத்தமான காற்று படும் திசையில் போங்கள். காற்றே தெரியாவிட்டால் பள்ளத்துப் பக்கம் போங்கள். சிங்கமலையில் பலத்த காற்று சரிவையும் மீறிப் புகையைத் தள்ளக்கூடும். அதனால்தான் காற்றை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

அன்று ரயில் கொட்டகலைப் பக்கம் வெளியே வந்ததும் பேரன்தான் முதலில் நிமிர்ந்தான். பாட்டி முந்தானையை எடுத்துவிட்டு அவன் மூக்கைத் துடைத்தார். துணியில் கரி.