டிரைவ்வே வாசலிலை அரைத் தொன் ஐஸ், ஏழு மணிக்கு ஷிப்ற்

ஸ்னோ கொட்டுறதிலை ஒரு கோவமும் இல்லை. ரொறொன்ரோப் பக்கம் வீடு வாங்கினால் ஸ்னோ கொட்டும், அது தெரிஞ்சுதான் வாங்கினது. கோவம் வாறது வேறை இடத்திலை. இரவு பத்து மணிக்கு நாரி முறிய டிரைவ்வேயை வழிச்சுத் துடைச்சுப் போட்டுப் படுக்கிறது. காலமை அஞ்சரைக்குக் கதவைத் திறந்தால் டிரைவ்வே முழுக்கக் கறுப்பாத் தார் தெரியுது, ஆனால் றோட்டோடை முட்டுற வாசலிலை மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு மதில். றோட்டிலை ஸ்னோ தள்ளுற பிளவ் வண்டி போட்டுத் தந்த பரிசு.

அதைப் பாத்திட்டு "கொஞ்ச ஸ்னோதானே" எண்டு சொல்லுற ஆக்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ரெண்டு கார் டிரைவ்வே எண்டால் வாய் அஞ்சு மீற்றர் வரும். குவியல் அறுபது சென்ரிமீற்றர் அகலம், முப்பத்தஞ்சு சென்ரிமீற்றர் உயரம் எண்டு வையுங்கோ. ஒரு கன மீற்றர் வருகுது. வானத்திலையிருந்து அப்பதான் விழுந்த ஸ்னோ ஒரு கன மீற்றர் நூறு கிலோவே வராது, பஞ்சு. பிளவ் அரைச்சு நசிச்சு, உப்புத்தண்ணியும் சேறும் குழைச்சுத் தள்ளினது நானூறு கிலோவுக்கு மேலை. அரைத் தொன்னுக்குக் கிட்ட. அதோடை அது வண்டி போன கையோடை இறுகத் தொடங்கும். அரை மணித்தியாலம் பிந்தினால் ஸ்னோ அள்ளுற சவல் இறங்காது, கோடாலிதான் வேணும்.

பிளவ் ஓடுறவன் ஏன் சரியா எங்கடை வாசலிலை கொட்டுறான்? அவனுக்கு எங்களோடை பகையில்லை. பிளவின்ரை அலகு வலப்பக்கம் சரிஞ்சு நிக்கும். றோட்டோரத்திலை முந்தியே குவிஞ்ச ஸ்னோ மதில் மாதிரி நிக்கிறதாலை அலகிலை சேர்ந்தது வெளியிலை போக இடமில்லாமல் இழுபட்டுக்கொண்டு வருகுது. டிரைவ்வே வாய் வந்தவுடனை முதல் ஓட்டை கிடைக்குது, அங்கை முழுக்கக் கொட்டுப்படுது. நீங்கள் எவ்வளவு வடிவா வழிச்சு வைக்கிறியளோ அவ்வளவு நல்ல ஓட்டை. துப்பரவா வைச்சிருக்கிறவனுக்குத்தான் தண்டனை!

இதுக்கு ஒரு வழி இருக்குது, முக்கால்வாசிப் பேர் செய்யிறேல்லை. டிரைவ்வேயிலை றோட்டைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. பிளவ் உங்கடை இடக்கைப் பக்கத்திலையிருந்துதான் வரும். அந்த இடப்பக்கத்திலை, டிரைவ்வே வாய் தொடங்க முதல், றோட்டோரமா ஒரு மூண்டு மீற்றர் நீளத்துக்கு ஒரு பொக்கற் மாதிரி வழிச்சு விடுங்கோ. வண்டி முதலிலை அந்தப் பொக்கற்றிலை கொட்டிப்போட்டு வெறும் அலகோடை உங்கடை வாசலைத் தாண்டும். அதோடை, வழிக்கிற ஸ்னோவை வலக்கைப் பக்கம்தான் குவிக்கோணும். இடப்பக்கம் குவிச்சால் அதையே வாரிக்கொண்டு வந்து வாசலிலை தருவான். பதினைஞ்சு நிமிச வேலை கூட, ஆனால் காலமை நாற்பது நிமிசம் மிச்சம்.

றோட்டுக்கு நடுவிலை எறிஞ்சு விடுற ஆக்களும் இருக்கினம். ஒன்ராறியோவிலை அது சட்டப்படி பிழை. சட்டத்தை விடுங்கோ, அடுத்த பிளவ் அதையும் சேர்த்து உங்களுக்கோ பக்கத்து வீட்டு அன்ரிக்கோ திருப்பித் தரும்.

ஒரு சவலோடை எல்லாம் செய்யப் பாக்கிறதும் விசர் வேலை. அகலமான பிளாஸ்ரிக் சவல் புது ஸ்னோவைத் தள்ளத்தான். வாசல் மதிலுக்கு ஒடுக்கமான, இரும்பு விளிம்பு வைச்ச சவல் வேணும். அரைச் சவலாத்தான் அள்ளோணும், திரும்பேக்கை இடுப்பை முறுக்காமல் காலை மாத்தி வைக்கோணும். ஈர ஸ்னோ சவலிலை ஒட்டினால் சமையல் எண்ணெய் கொஞ்சம் துடைச்சு விடுங்கோ, வழுக்கிக்கொண்டு போகும். ஐம்பது தாண்டின, பிரஷர் இருக்கிற ஆக்கள் வெறும் வயித்திலை விறைச்ச காத்திலை அரைத் தொன் தூக்கப் போறது நெஞ்சுக்கு ஆபத்து எண்டு ஒவ்வொரு வருசமும் டொக்டர்மார் கத்திக்கொண்டுதான் இருக்கினம். ஷிப்ற் பிந்தும் எண்ட பயத்திலை ஆர் கேக்கினம்?

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பேக்கை உடைச்சுக் கோழிக்குத் தீன் போடுற மாதிரி கொட்டுறது. சாதாரண உப்பு மைனஸ் பத்துக்குக் கீழை பேருக்குத்தான் வேலை செய்யும். மைனஸ் பதினெட்டிலை அது வெறும் கல்லு, ஐஸுக்கு மேலை உருண்டுகொண்டு கிடக்கும். அந்தக் குளிருக்குக் கல்சியம் குளோரைட் கலந்தது வேணும், இல்லாட்டி மணல். அளவும் பெரிசா ஒண்டுமில்லை: ஒரு கோப்பிக் கோப்பை நிறைய உப்பு இருபதடி டிரைவ்வேக்குக் காணும். முதலிலை வழிச்சுப்போட்டுப் பிறகு போடோணும், ஸ்னோவுக்கு மேலை இல்லை. கோடையிலை புதுசா கொங்கிறீற் ஊத்தின படிக்கு முதல் விண்ரரிலை உப்பே காட்டாதேங்கோ. மார்ச்சிலை மேல்தோல் பொருக்குப் பொருக்கா உரிஞ்சு வரும், பிறகு ஊத்தினவனோடை சண்டை பிடிச்சு என்ன பலன்.

சரி, வெளியிலை முடிச்சு உள்ளுக்கு வந்தால் வீடு விறைச்சுக் கிடக்குது. வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் நிண்டுபோச்சு. இது எப்பவும் சனிக்கிழமை இரவிலைதான் நடக்கும். ஆளைக் கூப்பிட்டால் வீட்டு வாசல் மிதிக்கவே தனிக் காசு, கிழமை முடிவெண்டால் அதுக்கு மேலை இன்னொரு காசு. வந்தவன் அஞ்சு நிமிசத்திலை முடிச்சுப்போட்டுப் போவான். அவன் அந்த அஞ்சு நிமிசத்திலை செய்யிறது அனேகமா ரெண்டிலை ஒண்டுதான்.

முதலாவது, வீட்டுப் பக்கச் சுவரிலை ரெண்டு வெள்ளை பிளாஸ்ரிக் பைப் வெளியிலை நீட்டிக்கொண்டிருக்கும். ஒண்டு காத்தை உள்ளுக்கு எடுக்குது, மற்றது புகையை வெளியிலை விடுது. காத்து அள்ளிக் குவிச்ச ஸ்னோவோ, நீங்களே அந்தப் பக்கம் தள்ளின ஸ்னோவோ அதை மூடினால், உள்ளுக்கு இருக்கிற பிரஷர் சுவிச் "காத்தில்லை" எண்டு சொல்லி நெருப்பைப் பத்தவே விடாது. ரெண்டு மூண்டு தரம் முயற்சி செய்து பாத்திட்டு ஃபேர்னஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பைப்பைச் சுத்தி ஒரு முழம் இடம் எப்பவும் வெறுமையா இருக்கோணும். புகைப் பைப் அடைபடுறது குளிர்ப் பிரச்சினை மட்டுமில்லை, கார்பன் மொனொக்சைட் பிரச்சினையும். படுக்கை அறைக்குப் பக்கத்திலை அலாம் வைக்கச் சொல்லிச் சட்டமே இருக்குது. அது ஓயாமல் கீச்சிடுது எண்டு பற்றரியைக் கழட்டி லாச்சிக்குள்ளை போடுற ஆக்களை என்னெண்டு சொல்லுறது!

ரெண்டாவது, ஃபேர்னஸுக்குப் போற காத்தை வடிக்கிற ஃபில்ரர். எங்கடை வீடுகளிலை மிளகாய்ப் பொரியல், தாளிதம், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. மூண்டு மாசம் காணும் எண்டு பெட்டியிலை போட்டிருக்கிறது எங்களுக்கு ஒரு மாசம். அடைச்ச ஃபில்ரராலை காத்து ஓடாது, சூடு உள்ளுக்கை தேங்கி, லிமிற் சுவிச் நெருப்பை நிப்பாட்டும். ஆறினாப் பிறகு திருப்பிப் பத்தும், திருப்பி நிக்கும். இன்னொரு பக்கம், "நல்லது" எண்டு ஒரு அங்குல மொத்தத்திலை ஆகலும் நெருக்கமான, விலை கூடின ஃபில்ரரை வேண்டிப் போட்டாலும் இதே கதைதான். ஃபில்ரர் விளிம்பிலை ஒரு அம்புக்குறி இருக்கும், அது ஃபேர்னஸ் பக்கம் பாக்கோணும். ஃபேர்னஸ் கதவிலை சின்னக் கண்ணாடி, அதுக்குள்ளை ஒரு லைற் மினுங்கும். எத்தினை தரம் மினுங்குது எண்டு எண்ணி, கதவிலை ஒட்டியிருக்கிற அட்டவணையைப் பாருங்கோ. போனிலை அந்த எண்ணைச் சொன்னாலே பாதி வேலை முடிஞ்சுது.

பிறகு இந்த ஜன்னல். "வீடு ஒழுகுது, ஜன்னல் பழுது, மாத்தோணும்" எண்டு பத்தாயிரம் டொலருக்கு ஆளைக் கூப்பிட முதல் ஜன்னலின்ரை அடி விளிம்பைப் பாருங்கோ. உள்பக்கம் தண்ணி கோத்து நிண்டால் அது ஜன்னலின்ரை குற்றமில்லை, புட்டுப் பானையின்ரை குற்றம். இடியப்பம் அவிக்கிறது, சோறு வடிக்கிறது, பேஸ்மென்ற்றிலை உடுப்புக் காயப்போடுறது, எல்லா ஆவியும் வீட்டுக்குள்ளைதான் நிக்குது. வெளியிலை மைனஸ் இருபது எண்டால் உள் ஈரப்பதன் முப்பது சதவீதத்துக்கு மேலை போகக்கூடாது. ஈரப்பதன் அளக்கிற பதினைஞ்சு டொலர் மீற்றர் வாங்கி வைச்சுப் பாத்தால் ஐம்பத்தஞ்சு காட்டும். அதுதான் கண்ணாடியிலை வழியுது, அதுதான் கட்டிலைச் சுவரோடை ஒட்டிப் போட்ட அறை மூலையிலை கறுப்பாப் பூஞ்சணம் பிடிக்குது.

அடுப்புக்கு மேலை காத்தாடிதான் ஓடுதே எண்டு கேப்பியள். அடுப்புக்கு மேலை பூட்டின, காத்தாடி வைச்ச மைக்ரோவேவின்ரை மேல்பக்கக் கிராதியிலை கையை வைச்சுப் பாருங்கோ. சூடான காத்து முகத்திலை அடிச்சால் அது வெளியிலை போகேல்லை, ஆவியை எடுத்து உங்களுக்கே திருப்பித் தருகுது. கன மைக்ரோவேவிலை உள் காத்தாடியைக் கழட்டித் திருப்பிப் பூட்டினால் வெளிப் பைப்புக்கு விடலாம், சுவரிலை பைப் போற வழி இருந்தால். புது வீடுகளிலை காத்து மாத்துறதுக்கெண்டே எச்ஆர்வி பெட்டி ஒண்டு பேஸ்மென்ற்றிலை தொங்குது. "சூடு வெளியிலை போகுது" எண்டு அதை நிப்பாட்டி வைச்சிருக்கிறது முழுப் பிழை. வெளியிலை போற காத்தின்ரை சூட்டிலை பெரும்பங்கை உள்ளுக்கு வாற காத்துக்குக் குடுக்கத்தான் அந்தப் பெட்டியே.

இவ்வளவும் பாத்து முடிச்சு, மைனஸிலை பாதிப் பலம் போன பற்றரியோடை மல்லுக்கட்டிக் காரை எடுத்து வேலைக்குப் போனால் பத்து நிமிசம் பிந்துது. "விண்ரர் எண்டு தெரியும்தானே, வேளைக்கு வெளிக்கிட்டிருக்கலாமே." இதைச் சொல்லுற மனேச்சர் எப்பவும் கொண்டோ மாடிக் கட்டிடத்திலை இருப்பார். கார் நிலத்துக்குக் கீழை, பதினைஞ்சு பாகை சூட்டிலை நித்திரை கொள்ளும். சவல் எண்டால் என்னெண்டே தெரியாது.

இன்னொண்டு இருக்குது, அதின்ரை வலி மே மாசம்தான் தெரியும். வெளிப்பக்கத் தண்ணிப் பைப். ஒக்ரோபரிலை ஹோஸைக் கழட்டி, பேஸ்மென்ற்றிலை அதுக்குரிய வால்வைப் பூட்டி, பேந்து வெளியிலை போய்ப் பைப்பைத் திறந்து விட்டு, உள் வால்விலை இருக்கிற சின்ன மூடியையும் கழட்டி, கீழை வாளி வைச்சு மிச்சத் தண்ணியை வடிய விடோணும். உறையாத பைப்தானே பூட்டியிருக்கு எண்டு ஹோஸைக் கொழுவின மாதிரியே விட்டால் அதுவும் வெடிக்கும், ஏனெண்டால் உள்ளுக்கு நிக்கிற தண்ணி வடிய வழியில்லை. விண்ரர் முழுக்க ஒண்டும் தெரியாது. மே மாசம் தக்காளிக் கண்டுக்குத் தண்ணி விடப் பைப்பைத் திறப்பியள், வெளியிலை கொஞ்சமாத்தான் வரும். மிச்சம் சுவருக்குள்ளாலை பேஸ்மென்ற் காப்பெற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும்.