காப்பீடு மட்டும் போதாது

'வேலைநிறுத்தம் வந்தால் பயணக் காப்பீடு பார்த்துக்கொள்ளும்' என்று வெளிநாட்டுப் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பல பாலிசிகளில், வேலைநிறுத்தத்தை அறிவித்த பிறகு காப்பீடு எடுத்தால் அந்தக் காரணத்துக்குப் பணம் கிடைக்காது. டிக்கெட் போட்ட அன்றே எடுத்துவிடுங்கள்.

இத்தாலியில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். ஃபுளோரன்ஸ் ஸ்டேஷனில் டிக்கெட் மெஷின் மேல் 'ஷோபெரோ' என்று எழுதிய தாள் முந்தின நாளே ஒட்டியிருந்தது. அதற்கு வேலைநிறுத்தம் என்று அர்த்தம் என்பது தெரியாமல் போய்விட்டது. மறுநாள் மூட்டுவலியோடு இருந்த அம்மா மதியம் முழுக்கப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணிதான் விவரம் சொன்னார். அங்கே வேலைநிறுத்தம் நடந்தாலும், வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும். மாலை வண்டியில்தான் கிளம்பினோம். பொதுவாக 10 நாள் முன்னறிவிப்பும் கட்டாயம். இத்தாலியப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் வேலைநிறுத்தங்களின் பட்டியல் தேதிவாரியாக இருக்கிறது. ஜூலை 27 முதல் செப்டம்பர் 5 வரை விமானத் துறையில் வேலைநிறுத்தமே கூடாது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து கிளம்பும் விமானம் ரத்தானால், அவசரப்பட்டு 'பணம் திரும்ப' என்பதை அழுத்திவிடாதீர்கள். மாற்று விமானம் கேட்டால், அதுவரை சாப்பாடும் தங்குமிடமும் விமான நிறுவனத்தின் பொறுப்பு. பணத்தை வாங்கிவிட்டால் அந்தப் பொறுப்பு அதோடு முடிந்தது.